வீட்டு மேசையில் எலக்ட்ரானிக்ஸ்: கொங்குப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வீடியோ பார்த்துவிட்டு எடுத்த எடுப்பில் சால்டரிங் ஸ்டேஷன், பெஞ்ச் பவர் சப்ளை என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். செத்துப்போன அடாப்டர், எல்இடி பல்பு, ரிமோட், ஃபேன் போன்றவற்றைப் பிரித்துப் பழக இரண்டாயிரம் ரூபாய்க்குள் மேசை போட்டுவிடலாம். அதிலும் பாதிச் சாமானுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடை தேவையில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டும் ரீவைண்டிங் கடையிலும் பனியன் வேஸ்ட் விற்கும் இடத்திலும் பெட்ரோல் பங்கிலும் கிடைத்துவிடும். கீழே சொல்லும் விலைகள் சுமாரானவை, கடைக்குக் கடை ஏறி இறங்கும்.

1. திருப்புளிக்கு முன் பில்லை எடுங்கள்

பிராண்டட் எல்இடி பல்புகளுக்குப் பெரும்பாலும் 1 அல்லது 2 வருட வாரண்டி இருக்கும். பில் இருந்தால் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம், பிரித்துவிட்டால் போச்சு. டிவி, ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றின் சீல் ஸ்டிக்கரைக் கிழித்தாலும் அதே கதைதான். செட்டாப் பாக்ஸும் ரவுட்டரும் பல வீடுகளில் கேபிள்காரருக்கோ இணைய நிறுவனத்துக்கோ சொந்தமானவை, அவற்றில் கை வைக்க வேண்டாம். அவற்றின் அடாப்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்றைய பில் வெயில் பட்டால் ஆறே மாதத்தில் வெள்ளைக் காகிதமாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு போட்டோ. எந்த ஒயர் எந்தக் கனெக்டரில் இருந்தது, எந்தப் பக்கம் சிவப்பு என்பதெல்லாம் மறுநாள் நினைவில் நிற்காது. ஸ்க்ரூக்களை, அவை இருந்த அமைப்பிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானது இருந்த இடத்தில் முடுக்கினால் போர்டு துளைபடும்.

பார்ட்ஸ் வாங்கப் போகும்போது பழையதைக் கையிலேயே கொண்டுபோங்கள், கூடவே முழு எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். "470 கெப்பாசிட்டர்" என்று கேட்டால் 16 வோல்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "470 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி, 10 மில்லி மீட்டர் வட்டம்" என்று கேளுங்கள். கோவையில் காந்திபுரம் பக்கம் தேடினால் கிடைக்கும். கோபி, தாராபுரம், உடுமலை போன்ற ஊர்களில் பழைய டிவி மெக்கானிக் கடையில் "அண்ணா, ஒண்ணே ஒண்ணு போதுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். இணையத்தில் வாங்கினால் ஐந்து ரூபாய்ச் சாமானுக்கு ஐம்பது ரூபாய் கூரியர் ஆகும். பட்டியல் போட்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதுதான் கட்டும்.

2. முதல் கருவி: சீரியல் போர்டு

சோதிக்கும் சாமானுக்குப் போகும் கரண்டு ஒரு பல்பு வழியாகவே போகும்படி கட்டிய பலகைதான் சீரியல் போர்டு. மீட்டர் வாங்கும் முன்பே இதைச் செய்துவிடலாம். ஒரு மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் போர்டு பெட்டி, ஒரு பல்பு ஹோல்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு மூன்று துளை சாக்கெட், 1 சதுர மில்லி மீட்டர் ஒயர் இரண்டு மீட்டர், ஒரு பிளக். எல்லாம் சேர்த்து 250 ரூபாய்க்குள் முடியும். பேஸ் ஒயர் ஸ்விட்சுக்கு, ஸ்விட்சிலிருந்து பல்புக்கு, பல்பின் மறுமுனையிலிருந்து சாக்கெட்டின் பேஸ் துளைக்கு. நியூட்ரல் நேராகச் சாக்கெட்டுக்கு. எர்த்தும் நேராக. சாக்கெட்டை எதிரே பார்த்தபடி நின்றால், எர்த் துளை மேலே இருக்கும்போது வலது கைப்பக்கம் பேஸ்.

பல்பு பழைய குண்டு பல்பாகத்தான் இருக்க வேண்டும். எல்இடி, சிஎஃப்எல் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. 100 வாட் பல்பு 230 வோல்ட்டில் எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 530 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே சரியான சாமானைச் சொருகினால் பல்பு பெரிதாகக் குறுக்கே நிற்காது. ஷார்ட் ஆன சாமானைச் சொருகினால் பல்பு முழுதாக எரிந்து, கரண்டை 0.43 ஆம்பியருக்கு மேல் போகவிடாது. பியூஸ் போகாது, புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டரும் வெடிக்காது.

படிக்கும் முறை இதுதான். ஒரு மின்னு மின்னி அணைந்தால் சாமான் நல்லது. முழு வெளிச்சம் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். துளியும் மின்னாவிட்டால் பியூஸோ ஒயரோ அறுந்திருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால் இரண்டு காரணம் இருக்கலாம்: சாமானுக்குப் பல்பு சின்னதாகிவிட்டது, அல்லது அடாப்டரின் வெளியீட்டுப் பக்கம் ஷார்ட். 40 வாட், 100 வாட், 200 வாட் என மூன்று பல்பு கையில் இருந்தால் குழப்பம் தீரும். சின்ன அடாப்டருக்கு 40, டிவிக்கு 100, பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு 200.

கிரைண்டர், மிக்ஸி, மோட்டாரை இதில் சோதிக்காதீர்கள். பல்பு பளிச்சென்று எரியும், மோட்டார் சுற்றாமல் உறுமும், உடனே "காயில் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைப் பல்பு விடுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று உயிர் விஷயம். சீரியல் பல்பு சாமானைத்தான் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஷாக்கடிக்க 0.43 ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே அதிகம். மேசைக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று போடச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் கூலி தவிர்த்து 1,200 முதல் 2,000 ரூபாய் வரை ஆகும். மேலே சொன்ன இரண்டாயிரத்தில் இது சேராது, ஆனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அதுவும் பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் தொட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. ஆகவே கரண்டு இருக்கும் போர்டை ஒரு கையால் மட்டும் தொடும் பழக்கம் வரவேண்டும்.

3. மீட்டர்

மஞ்சள் நிற 830 வகை டிஜிட்டல் மீட்டர் 200 முதல் 300 ரூபாய். பழக அது போதும். அதில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று: சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு, அடுத்த நாள் பிளக் பாயிண்டில் வோல்டேஜ் பார்ப்பது. அது நேரடி ஷார்ட். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு பியூஸே கிடையாது. அந்தத் துளையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், தேவைப்படும்போது பிரித்துக்கொள்ளலாம்.

உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் இந்த மீட்டர் குறைவாகக் காட்டாது, கூடுதலாகக் காட்டும். புது பென்சில் செல் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்ட ஆரம்பித்தால் செல்லைப் புகழாதீர்கள், மீட்டர் பேட்டரியை மாற்றுங்கள்.

4. ஈயம் வைக்க

25 வாட் அயர்ன் 300 ரூபாய் சுமார். சால்டர், அதாவது பற்றவைக்கும் ஈயம், 60/40 அல்லது 63/37 (வெள்ளீயமும் ஈயமும் கலந்த விகிதம்), உள்ளே ரோசின் (ஈயம் பிடிக்க உதவும் பிசின்) வைத்தது, 50 கிராம் சுருள் போதும். 63/37 சரியாக 183 டிகிரியில் உருகி அப்படியே உறைவதால் புதியவர்களுக்கு அதுதான் சுலபம். ஈயமில்லாச் சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 25 வாட் அயர்னோடு அதில் பழகினால் கைதான் சலிக்கும். தகரப் பட்டறையிலும் ரேடியேட்டர் கடையிலும் இருக்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் போர்டு பக்கமே வரக்கூடாது. இன்று பளபளவென்று பிடிக்கும், மூன்றாம் மாதம் செம்பு பச்சையாய் அரித்துக் கிடக்கும்.

முனையைத் துடைக்க ஸ்பாஞ்ச் வாங்க வேண்டியதில்லை. திருப்பூர்ப் பக்கம் மூட்டை மூட்டையாகப் போகும் பனியன் வேஸ்டில் ஒரு கைப்பிடி எடுத்து, நனைத்துப் பிழிந்து, ஒரு தகர மூடியில் வைத்தால் போதும். ஆனால் அது முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்தது உருகிக் கறுப்பு மணியாகச் சுருளும். அப்படிப்பட்டது அயர்ன் முனையில் ஒட்டிக்கொண்டு நாறும், பிறகு ஈயமே பிடிக்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரையும் உப்புத்தாளையும் முனையில் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் இரும்புப் பூச்சு போனால் முனை குழி விழுந்துவிடும். வேலை முடிந்ததும் முனையில் புது ஈயம் பூசிவிட்டு ஸ்விட்சை அணைப்பதுதான் முனையின் ஆயுளைக் கூட்டும் நல்ல வழி.

அயர்ன் ஸ்டாண்டில் சும்மா கிடந்து கருகுகிறதா? பேஸ் ஒயரில் ஒரு 1என்4007 டயோடைத் தொடராகப் போட்டு, டயோடுக்குக் குறுக்கே ஒரு ஸ்விட்ச் வையுங்கள். ஸ்விட்ச் அணைந்திருந்தால் பாதி அலை மட்டும் போய் அயர்ன் பாதி வாட்டில் இளஞ்சூட்டில் நிற்கும். போட்டால் முழுச் சூடு. டயோடு விலை இரண்டு ரூபாய். எல்லாவற்றையும் மூடிய பெட்டிக்குள் வையுங்கள், அது 230 வோல்ட். டெம்பரேச்சர் கட்டுப்பாடு உள்ள ஸ்டேஷனில் இந்த வேலை வேண்டாம்.

ஓர் இணைப்புக்கு இரண்டு மூன்று வினாடிதான். அயர்ன், பார்ட்ஸின் காலையும் அது உட்காரும் போர்டின் செம்புப் பரப்பையும் (பேட்) ஒருசேரச் சுட வேண்டும், ஈயத்தை அந்தச் சூட்டில் கொடுக்க வேண்டும். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் அப்பினால் பார்க்கப் பிடித்த மாதிரி இருக்கும், தட்டினால் கழன்றுவிடும். புகை முகத்துக்கு வராமல் சின்ன ஃபேனால் பக்கவாட்டில் தள்ளுங்கள். சமையல் மேடையில் ஈய வேலை கூடாது, கை கழுவாமல் எதையும் தின்னவும் கூடாது.

கழற்றுவதற்கு: பழைய ஆடியோ ஒயரின் செம்புப் பின்னலை அறுத்து, ரோசினில் அழுத்திச் சூடு காட்டினால் ஈயம் உறிஞ்சும் விக் தயார். பரணில் கிடக்கும் கேபிள் டிவி ஆர்ஜி6 ஒயரை இதற்கு எடுத்து ஏமாறுவார்கள். அதில் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஏறவே ஏறாது. மருந்துக்கடையில் வாங்கிய புது 20 நம்பர் ஊசியின் முனையைச் சாணைக்கல்லில் மட்டமாகத் தேய்த்தால், ரெசிஸ்டர் காலைச் சுற்றிச் சொருகித் திருக உதவும். ஊசி துருப்பிடிக்காத எஃகு என்பதால் ஈயம் அதில் ஒட்டாது.

5. ரீவைண்டிங் கடையில் என்ன கேட்பது

பம்பு செட்டும் மோட்டாரும் இருக்கும் ஊரில் ரீவைண்டிங் கடை இல்லாமல் இருக்காது. அங்கே போய், "அண்ணா, 26 கேஜ் காப்பர் துண்டு மிச்சம் இருந்தா பத்து மீட்டர் குடுங்க" என்று கேளுங்கள். ரீலாக வாங்கத் தேவையில்லை, மிச்சத் துண்டே போர்டில் ஜம்பர் (இரண்டு புள்ளிகளை இணைக்கும் ஒயர்) போட வருடக்கணக்கில் வரும். 26 கேஜ் 0.46 மில்லி மீட்டர், பொது வேலைக்குச் சரி. போர்டில் அறுந்த மெல்லிய டிராக்குக்கு (செம்புக் கோட்டுக்கு) 36 கேஜ், அதாவது 0.19.

இரண்டு பொறி உண்டு. ஒன்று, மலிவு ஃபேன் மோட்டார் காயில்களில் அலுமினியக் கம்பி இருக்கும், மேலே எனாமல் செம்பு நிறத்திலேயே தெரியும். பிளேடால் சுரண்டினால் வெள்ளையாக வரும், கையில் எடுத்தாலே கனமில்லை. அது உதவாது. இரண்டாவது, மோட்டார் கம்பியின் எனாமல் அயர்ன் சூட்டுக்கு மசியாது. பிளேடால் சுற்றிலும் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகே ஈயம் வையுங்கள். சுரண்டாமல் வைத்தால் மேலே ஈயம் மூடியிருக்கும், உள்ளே தொடர்பே இருக்காது. புதியவர்களின் போர்டு வேலை செய்யாததற்கு இதைவிடப் பெரிய காரணத்தைக் காண்பது அபூர்வம்.

அதே கடையில் ஸ்லீவ் (ஒயர் மேல் மாட்டும் காப்புக் குழாய்) கேளுங்கள், மீட்டர் சில ரூபாய்தான். 230 வோல்ட் பக்கம் எந்த இணைப்பும் வெறுமனே இருக்கக் கூடாது. வார்னிஷும் வாங்கலாம், ஆனால் காற்றில் காயும் வகை என்று சொல்லிக் கேளுங்கள். அடுப்பில் சுட்டுக் காயவைக்கும் வகையைப் போர்டில் பூசினால் நாள் கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும்.

6. பெரும்பாலான சாவு கெப்பாசிட்டரில்தான்

முதலில் டிஸ்சார்ஜ். அடாப்டர், டிவி பவர் சப்ளை இவற்றில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட்டைப் பிடித்துவைத்திருக்கும். திருப்புளியால் ஷார்ட் செய்தால் பொறி பறந்து டிராக்கையே எரிக்கும். 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களுக்கு ஸ்லீவ் போட்டு, இரண்டு முனையிலும் ஐந்து வினாடி வைத்துப் பிடித்து, மீட்டரில் டிசி வோல்ட் பார்த்து, பிறகு கை வையுங்கள்.

தலை உப்பியது, அடியில் பழுப்புக் கசிவு உள்ளது என்றால் மாற்றுங்கள். கெப்பாசிட்டன்ஸ் அதே அளவு, வோல்டேஜ் அதே அளவோ அடுத்ததோ, 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த வகை). 85 டிகிரி வகை இரண்டு ரூபாய் குறைவு என்று வாங்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்டிருப்பது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். தகரக் கூரைத் தறிப் பட்டறையில் ஏப்ரல், மே மாதத்தில் ஓடும் அடாப்டருக்கு அந்த இருபது டிகிரி வித்தியாசம் பெரியது.

12 வோல்ட் அடாப்டர் மீட்டரில் சரியாக 12 காட்டும், ரவுட்டரில் சொருகினால் லைட் மின்னி மின்னி அணையும். சும்மா அளந்தால் ஏமாற்றும், பளு கொடுத்துப் பார்க்க வேண்டும். 15 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் பத்து இருபது ரூபாய். 1 ஆம்பியர் அடாப்டரில் கட்டினால் 0.8 ஆம்பியர் இழுக்கும். அப்போது 11.5க்குக் கீழே இறங்கினால் வெளியீட்டுக் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். ரெசிஸ்டர் சுட்டுக்கொதிக்கும், டைல்ஸ் மேல் வைத்து அரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பேரிங் மாற்றச் சொல்லும் முன் 2.5 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள், ஐம்பது ரூபாய்ச் செலவு. சில ஃபேனில் 3.15 இருக்கும், மேலே எழுதியிருப்பதையே போடுங்கள். கூடுதல் அளவு போட்டால் வேகம் கூடும் என்று ஊரில் சொல்வார்கள். கூடுவது காயில் சூடுதான். வெட் கிரைண்டர் உறுமிக்கொண்டு நின்று, கல்லைக் கையால் தள்ளினால் சுற்றுகிறது என்றாலும் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர்தான்.

எல்இடி பல்பில் ஒரே ஒரு சில்லில் (தட்டில் ஒட்டியிருக்கும் குட்டி எல்இடி) கறுப்புப் புள்ளி இருந்தால் அதன் இரண்டு முனையையும் ஒன்றாக இணைத்து மற்றவற்றை எரியவைக்கலாம். நிறையச் சில் உள்ள பல்பில் ஒன்றுக்கு இது தாங்கும். ஐந்தாறே உள்ளதில் செய்தால் மற்றவை மாதத்துக்குள் போகும். அந்தத் தட்டு முழுவதும் நேரடி மெயின்ஸ் என்பதை மறக்காதீர்கள்.

7. பஞ்சு, கோழிப்பண்ணை, போர் தண்ணீர்

சோமனூர், பல்லடம் தறிப்பக்கமும் திருப்பூரிலும் சாமான்களைக் கெடுப்பது பஞ்சுதான். லேப்டாப் ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. திறந்து, இடுக்கியால் உரித்தெடுத்து, பிறகு ப்ளோயர். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறித்தனமாகச் சுற்றினால் பேரிங் போகும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும், அது வேண்டாம்.

நாமக்கல் பக்கம் பண்ணைக்குள் வைக்கும் டைமர், ஃபேன் கன்ட்ரோலர் போர்டுகளில் எச்சத்திலிருந்து வரும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். போர்டைக் கழுவிக் காயவைத்து, கனெக்டர், ரிலே, பிரீசெட்டுகளை டேப்பால் மூடி, மேலே சொன்ன வார்னிஷை மெல்லிசாக இரண்டு பூச்சு அடியுங்கள். முதல் பூச்சு கைக்கு ஒட்டாமல் காய்ந்த பிறகே இரண்டாவது.

கழுவுவதற்கு போர்வெல் தண்ணீரைத் தொடவே கூடாது, உப்பு படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கில் லிட்டர் இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் கழுவி, கடைசியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் இருக்கும். நனைந்த செல்போனை அரிசிக்குள் புதைப்பது அரிசிக்கும் கேடு, போனுக்கும் உதவாது.

8. கசிந்த பேட்டரி, வேலை செய்யாத ரிமோட்

ஆல்கலைன் என்று எழுதிய செல் கசிந்தால் அது காரம், வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பட்ஸால் துடையுங்கள். மலிவான சாதா செல் கசிந்தால் அமிலத்தன்மை, அதற்கு ஆப்பசோடா கரைசல். மாற்றிப் போட்டால் அரிப்பு நிற்காது. பிறகு டிஸ்டில்டு வாட்டர், ஆல்கஹால், ஒரு மணி நேரம் நிழலில் காயவைத்தல்.

ரிமோட்டைப் பிரிக்கும் முன் செல்போனின் செல்ஃபி கேமராவில் அதன் மூக்கைப் பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். ஊதா வெளிச்சம் தெரிந்தால் ரிமோட் நல்லது, கோளாறு டிவியில். சில பட்டன் மட்டும் செத்திருந்தால் அடியிலுள்ள கறுப்பு ரப்பரை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்தால் பாதி உயிர்பெறும். தேய்ந்தே போயிருந்தால் மெல்லிய அலுமினியத் தாளைப் பொட்டு அளவு வெட்டி ரப்பரில் ஒட்டுங்கள்.

9. இடியும் நியூட்ரலும்

சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கும் நேரம் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். டிஷ் ஒயரையும் ரவுட்டருக்கு வரும் செம்பு ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள்.

நீங்களே செய்யும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 14டி431கே எம்ஓவி (வோல்டேஜ் எகிறினால் அதைத் தன் வழியே கடத்திவிடும் பார்ட்) ஒன்றைப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே போடலாம், பத்து ரூபாய்தான். அது 275 வோல்ட் ஏசி வரை தாங்கும், அதற்கு மேல் கடத்த ஆரம்பிக்கும். பியூஸுக்கு அடுத்துத்தான் இணைக்க வேண்டும். பியூஸ் இல்லாமல் போட்டால், போஸ்டில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வரை ஏறும் அன்றைக்கு எம்ஓவி வெடித்துப் பெட்டி பற்றிக்கொள்ளும்.

ஒரு லைட் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், பக்கத்து அறையில் ஃபேன் மந்தம், மீட்டரில் 260க்கு மேல் என்றால் நியூட்ரல் கோளாறு. மெயினை அணையுங்கள். பிறகு மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணுக்கு அழையுங்கள், மின் அட்டையில் உள்ள இணைப்பு எண் கையில் இருக்கட்டும். லைன்மேன் வரும்வரை சமாளிக்க, சாக்கெட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் ஒன்றாக இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்த வீட்டில் ஃபிரிட்ஜின் உடம்பே ஷாக்கடிக்கும். அந்த யோசனையை யார் சொன்னாலும் மெயின் அணைந்தபடியே இருக்கட்டும்.